ஆர் பேக்கேஜுக்குள் தரவுக் கோப்புகளை வைப்பது எப்படி: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்படி

புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் முதல் பேக்கேஜை (ஃபங்ஷன்களையும் தரவையும் ஒன்றாகக் கட்டிய தொகுப்பை) எழுதுகிறவர்கள் ஃபங்ஷன்களை எப்படியோ எழுதி முடித்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தரவில்தான். எழுதியவரின் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடும். அதையே வேறொருவர் விண்டோஸில் இன்ஸ்டால் செய்தால் கோப்பைக் காணோம் என்று எரர் வரும், அல்லது லினக்ஸ் சர்வரில் முதல் பத்தியின் பெயர் விநோதமாக மாறியிருக்கும். கோப்பு பேக்கேஜுக்குள் இருக்கத்தான் செய்கிறது. அதைத் தேடிப் போன வழி ஒரே ஒரு கணினிக்கு மட்டும் பொருந்துவதாக இருந்திருக்கிறது.

ஒரு பேக்கேஜ் ஒரு கணினியில் எழுதப்படுகிறது, இன்னொன்றில் கட்டப்படுகிறது, மூன்றாவது ஒன்றில் ஓடுகிறது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஆரின் பொதுப் பேக்கேஜ் களஞ்சியமான க்ரான் தன் கணினிகளில் முன்கூட்டியே கட்டிய பைனரிகளை, அதாவது இன்ஸ்டால் செய்யத் தயாரான கோப்புகளைத் தருகிறது. லினக்ஸில் பெரும்பாலும் மூலக் கோடிலிருந்தே இன்ஸ்டால் ஆகிறது. ஆகவே இந்த மூன்றும் ஒரே கணினி என்று நம்பி எழுதிய எந்த வரியும் என்றாவது ஒருநாள் உடையும். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த நம்பிக்கையை ஒவ்வொரு இடமாகப் பிடுங்கி எறிவதற்குத்தான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். எடுத்துக்காட்டுக்கு "ரெயின்பேக்" என்று ஒரு பேக்கேஜ், அதில் நிலையவாரியான மழையளவு அடங்கிய "ரெயின்" என்ற தரவு என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: இந்தத் தரவு யாருக்கு?

கோப்பை எந்த ஃபோல்டரில் போடுவது என்று யோசிப்பதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள். பயன்படுத்துகிறவர் பேக்கேஜை ஏற்றியதும் ரெயின் என்று அடித்தால் தரவு கண் முன் வர வேண்டுமா? அப்படியானால் அது "டேட்டா" ஃபோல்டருக்குப் போக வேண்டும். சிஎஸ்வி, எக்ஸெல், ஷேப்ஃபைல் போன்ற மூலக் கோப்பு அதே வடிவில் அவருக்குக் கிடைக்க வேண்டுமா? "இன்ஸ்ட்" ஃபோல்டருக்குள் "எக்ஸ்ட்டேட்டா". உங்கள் ஃபங்ஷன்கள் மட்டும் உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளும் அட்டவணையா? "ஆர்" ஃபோல்டரில் "சிஸ்டேட்டா.ஆர்டிஏ" என்ற ஒரே கோப்பு (ஆர்டிஏ என்பது ஆரின் சொந்தச் சேமிப்பு வடிவம்). டெஸ்டுக்கு மட்டும் வேண்டிய கோப்பு என்றால் டெஸ்ட் ஃபோல்டருக்குள்ளேயே "ஃபிக்ஸ்ச்சர்ஸ்" என்று ஒரு துணை ஃபோல்டர் போட்டு, டெஸ்ட் எழுத உதவும் டெஸ்ட்தட் பேக்கேஜின் டெஸ்ட்_பாத் ஃபங்ஷன் வழியாகப் படியுங்கள்.

புதியவர்கள் எல்லாவற்றையும் எக்ஸ்ட்டேட்டாவில் போட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபங்ஷனிலும் சிஎஸ்வியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். தேவையில்லாத வேலை அது. உள் பயன்பாட்டுக்கான அட்டவணை என்றால் சிஸ்டேட்டாதான் நல்லது. பாதை, குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை), வரி முடிவு எதைப் பற்றியும் கவலையில்லை. பேக்கேஜின் கோடோடு கோடாக அதுவும் வந்துவிடும்.

படி 2: மூலமும் தயாரிப்பும் தனியே

பேக்கேஜ் எழுத உதவும் யூஸ்திஸ் பேக்கேஜை வைத்து யூஸ்திஸ்::யூஸ்_டேட்டா_ரா("ரெயின்") என்று ஓட்டினால் "டேட்டா-ரா" என்ற ஃபோல்டரும் அதற்குள் ஓர் ஆர் ஸ்கிரிப்டும் உருவாகும். மூலக் கோப்பைப் படிப்பது, பத்திப் பெயர்களைச் சீராக்குவது, தவறான மதிப்புகளைக் களைவது எல்லாம் இந்த ஸ்கிரிப்டில் நடக்க வேண்டும். கடைசி வரி:

யூஸ்திஸ்::யூஸ்_டேட்டா(ரெயின், ஓவர்ரைட் = ட்ரூ)

இது டேட்டா ஃபோல்டரில் ரெயின்.ஆர்டிஏ என்ற கோப்பை எழுதும். உள் தரவு என்றால் அதே கட்டளையில் இன்டர்னல் = ட்ரூ என்று சேர்க்க வேண்டும். உள் தரவு எத்தனை இருந்தாலும் அத்தனையும் ஒரே அழைப்பில் வர வேண்டும், ஏனென்றால் சிஸ்டேட்டா என்பது ஒரே கோப்பு. அடுத்த அழைப்பு முந்தையதை மேலெழுதிவிடும்.

டேட்டா-ரா ஃபோல்டர் இறுதிப் பேக்கேஜுக்குள் போகாது. கட்டும்போது எவற்றை விட்டுவிட வேண்டும் என்ற பட்டியல் இருக்கும் .ஆர்பில்ட்இக்னோர் கோப்பில் யூஸ்_டேட்டா_ரா கட்டளை அதைத் தானே சேர்த்துவிடுகிறது. இந்தக் கோப்பில் நீங்களாக எதையாவது எழுதும்போது கவனம். அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது பெயர்களில் பொருத்தம் தேடும் ஒரு வடிவம். பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டையும் அது பார்ப்பதில்லை. தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இல்லாமல் வெறுமனே "டேட்டா" என்று ஒரு வரி எழுதினால், பெயரில் எங்காவது டேட்டா என்று வரும் எல்லாமே வெளியே போய்விடும். டேட்டா ஃபோல்டரும் போகும், எக்ஸ்ட்டேட்டாவும் போகும். கட்டும்போது எரர் எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிக்க நேரமாகும்.

பதிப்புகளைப் பதிவு செய்யும் கிட் எவற்றைக் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்லும் .கிட்இக்னோர் கோப்பிலும் இதே போன்ற ஒரு கண்ணி உண்டு. பெரிய சிஎஸ்விகள் தவறி உள்ளே போய்விடக் கூடாது என்று எல்லா சிஎஸ்வியையும் விலக்கி எழுதி வைத்திருப்பார்கள். எக்ஸ்ட்டேட்டாவில் இருக்கும் சிஎஸ்வியும் அதில் அடிபடும். உங்கள் டிஸ்கில் கோப்பு இருப்பதால் உங்களுக்கு எல்லாம் ஓடும். கிட்ஹப்பிலிருந்து இன்ஸ்டால் செய்கிறவருக்கு அது போய்ச் சேரவே சேராது.

படி 3: டேட்டா ஃபோல்டர்

இங்கே ஒரு ஆர்டிஏ கோப்புக்கு ஒரு ஆப்ஜெக்ட், இரண்டுக்கும் ஒரே பெயர் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பேக்கேஜின் விவரங்களைச் சொல்லும் டிஸ்கிரிப்ஷன் கோப்பில் "லேஸிடேட்டா: ட்ரூ" என்ற வரி இருக்க வேண்டும். அது இருந்தால் தரவைத் தேவைப்படும்போதுதான் ஆர் நினைவகத்தில் ஏற்றும். பயன்படுத்துகிறவர் டேட்டா(ரெயின்) என்று தனியாக அழைக்கவும் வேண்டாம். டேட்டா ஃபோல்டரே இல்லாத பேக்கேஜில் இந்த வரியை விட்டு வைத்தால், பேக்கேஜைச் சோதிக்கும் ஆர் சிஎம்டி செக் கட்டளை (இனி செக்) ஒரு குறிப்பு கொடுக்கும். அப்போது வரியை நீக்கிவிடுங்கள்.

ஆர்டிஏ வடிவத்தையே நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆர் தன் ஆப்ஜெக்டுகளைச் சேமிக்கும் பைனரி வடிவம் இயல்பாகவே இயங்குதளத்தையோ பிராசஸரின் பைட் வரிசையையோ சார்ந்ததில்லை. லினக்ஸில் எழுதியதை விண்டோஸில் படிக்கலாம். ஒவ்வொரு எழுத்துச் சரத்தோடும் அதன் குறியாக்க அடையாளமும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. சிஎஸ்வியில் இந்த இரண்டும் கிடையாது.

டேட்டா ஃபோல்டருக்குள் நேரடியாக சிஎஸ்வியைப் போட ஆர் அனுமதிக்கிறது. ஆனால் செய்யாதீர்கள். அங்கே இருக்கும் சிஎஸ்வியைப் படிக்கும்போது ஆர் பத்திகளைப் பிரிப்பது அரைப்புள்ளியை வைத்து, காற்புள்ளியை வைத்து அல்ல. காற்புள்ளியிட்ட சாதாரண சிஎஸ்வி அங்கே போனால் எல்லாப் பத்திகளும் ஒட்டிக்கொண்டு ஒரே பத்தியாக வந்து நிற்கும்.

பழைய ஆர் பதிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2019இல் வந்த ஆர் 3.6.0 முதல் சேமிப்பு வடிவத்தின் 3ஆம் பதிப்பு இயல்பானதாகிவிட்டது. அதை 3.5.0க்கு முந்தைய ஆர் படிக்காது. அப்படிப்பட்ட கோப்பு பேக்கேஜில் இருந்தால், பேக்கேஜைக் கட்டும் ஆர் சிஎம்டி பில்ட் கட்டளை தானாகவே "ஆர் 3.5.0 அல்லது அதற்கு மேல்" என்ற நிபந்தனையைச் சேர்த்து ஓர் எச்சரிக்கையும் தரும். இன்று அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அதே நிபந்தனையை டிஸ்கிரிப்ஷனில் நீங்களே எழுதிவிட்டால் எச்சரிக்கை நின்றுவிடும்.

எல்லா ஆப்ஜெக்டும் ஆர்டிஏவில் பிழைத்து வராது. சில பேக்கேஜ்கள் உருவாக்கும் ஆப்ஜெக்டுகளுக்குள் உண்மையான தரவு இருக்காது. நினைவகத்தில் வேறெங்கோ இருக்கும் ஒன்றைச் சுட்டும் பாயிண்டர் மட்டும்தான் இருக்கும். டெர்ரா பேக்கேஜின் ராஸ்டர், எக்ஸ்எம்எல்2 பேக்கேஜின் ஆவணம் இரண்டும் இந்த வகை. சேமிக்கும்போது எரர் வராது, திறந்து பார்த்தால் செத்த பாயிண்டர் கிடைக்கும். டெர்ராவில் ராப் என்ற ஃபங்ஷனால் பொதிந்து சேமிக்கலாம். அல்லது மூலக் கோப்பையே எக்ஸ்ட்டேட்டாவில் வைத்து, தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். அந்தப் பேக்கேஜின் அடுத்த பதிப்பில் உள்ளமைப்பு மாறினாலும் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

ஆவணம் எழுதுவதைத் தள்ளிப் போடாதீர்கள். ஆர் ஃபோல்டரில் டேட்டா.ஆர் என்று ஒரு கோப்பு வைத்து, ராக்ஸிஜன் குறிப்புகளில் (கோடிலேயே எழுதும் ஆவணக் குறிப்புகள்) ஃபார்மட் என்பதன் கீழ் ஒவ்வொரு பத்தியின் பொருளையும் அலகையும், சோர்ஸ் என்பதன் கீழ் தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதி, கடைசியில் மேற்கோள் குறிக்குள் "ரெயின்" என்று முடிக்க வேண்டும். மழையளவு மில்லிமீட்டரிலா அங்குலத்திலா என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. எக்ஸ்போர்ட் குறிச்சொல்லைத் தரவுக்குப் போடக் கூடாது, அது ஃபங்ஷன்களுக்கானது.

படி 4: எக்ஸ்ட்டேட்டாவும் பாதையும்

அதிகமானவர்கள் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

இன்ஸ்ட் ஃபோல்டருக்குள் இருப்பவை எல்லாம் இன்ஸ்டால் ஆகும்போது பேக்கேஜின் மேல்தளத்துக்கு நகலாகிவிடும். நீங்கள் எழுதும்போது இன்ஸ்ட்/எக்ஸ்ட்டேட்டா/ரெயின்.சிஎஸ்வி என்று இருந்தது, இன்ஸ்டால் ஆன பிறகு எக்ஸ்ட்டேட்டா/ரெயின்.சிஎஸ்வி என்று ஆகியிருக்கும். இன்ஸ்ட் என்ற பெயரே அங்கே இருக்காது. ஆகவே பாதையைக் கேட்கும் முறை இது:

சிஸ்டம்.ஃபைல்("எக்ஸ்ட்டேட்டா", "ரெயின்.சிஎஸ்வி", பேக்கேஜ் = "ரெயின்பேக்", மஸ்ட்ஒர்க் = ட்ரூ)

விண்டோஸில் ஒரு பயனரின் லைப்ரரி (பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டர்) அவருடைய சொந்த ஃபோல்டருக்குள் இருக்கலாம், லினக்ஸில் கணினி முழுமைக்கும் பொதுவான இடத்தில் இருக்கலாம், மேக்கில் ஆர் ஃபிரேம்வொர்க்குக்குள் இருக்கலாம். அது எங்கே என்பது ஆருக்குத் தெரியும். நீங்கள் கேட்டால் போதும்.

கடைசியில் இருக்கும் மஸ்ட்ஒர்க் பகுதியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால், கோப்பு கிடைக்காதபோது சிஸ்டம்.ஃபைல் எரர் கொடுக்காமல் வெற்றுச் சரத்தைத் திருப்பித் தரும். அந்த வெற்றுச் சரம் அடுத்த ஃபங்ஷனுக்குள் போய், சம்பந்தமே இல்லாத ஓர் எரரைக் கிளப்பும். பெயரில் ஓர் எழுத்து பிசகியதற்கு, சிஎஸ்வி படிக்கும் ஃபங்ஷனைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

பாதையை நீங்களே ஒட்ட வேண்டி வந்தால் ஃபைல்.பாத் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். முன்சாய்கோடு விண்டோஸ் ஆரிலும் வேலை செய்யும், ஆகவே எப்போதும் அதுவே போதும். பின்சாய்கோடு ஆர் சரங்களில் சிறப்புக் குறி; விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலிருந்து பாதையை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் அது அங்கேயே உடையும். செட்டபிள்யூடி வைத்து ஃபோல்டரை மாற்றுவது, ஹியர் பேக்கேஜால் பாதை தேடுவது இரண்டும் ஆய்வு ப்ராஜெக்டுகளுக்குச் சரிதான். பேக்கேஜுக்குள் அவற்றுக்கு இடமில்லை, ஏனென்றால் இன்ஸ்டால் ஆன பேக்கேஜுக்கு உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டர் என்ற ஒன்றே கிடையாது.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. ஆர் கோப்பில், எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாமல், மேலேயே இப்படி ஒரு வரி எழுதத் தோன்றும்:

ரெயின்_பாத் <- சிஸ்டம்.ஃபைல்("எக்ஸ்ட்டேட்டா", "ரெயின்.சிஎஸ்வி", பேக்கேஜ் = "ரெயின்பேக்")

பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் தவறு. பேக்கேஜின் மேல்மட்டத்தில் இருக்கும் கோட், பேக்கேஜ் கட்டப்படும் நேரத்திலேயே ஓடிவிடுகிறது. ஓடி வந்த விடைதான் சேமிக்கப்படுகிறது. பைனரி க்ரானின் கணினியில் கட்டப்பட்டிருந்தால், அந்தக் கணினியின் பாதை அப்படியே உறைந்து, பயன்படுத்துகிறவரின் விண்டோஸுக்கு வந்து சேரும். அங்கே அப்படி ஓர் ஃபோல்டர் இருக்காது. ஆர் 3.6.0 முதல் பேக்கேஜ் முதலில் ஒரு தற்காலிக இடத்தில் இன்ஸ்டால் ஆகி, பிறகுதான் தன் இடத்துக்கு நகர்கிறது. அப்படி நகர்த்துவதற்கு முன் உறைந்த பாதைகள் இருக்கின்றனவா என்றும் ஆர் தேடிப் பார்த்து, இருந்தால் இன்ஸ்டாலையே நிறுத்தக்கூடும். தீர்வு எளிது. அந்த வரியை ஒரு ஃபங்ஷனுக்குள் வையுங்கள்:

ரெயின்_பாத் <- ஃபங்ஷன்() சிஸ்டம்.ஃபைல்("எக்ஸ்ட்டேட்டா", "ரெயின்.சிஎஸ்வி", பேக்கேஜ் = "ரெயின்பேக்", மஸ்ட்ஒர்க் = ட்ரூ)

இப்போது பாதை கேட்கப்படுவது ஓடும் நேரத்தில், ஓடும் கணினியில். அடைப்புக்குறி இரண்டு சேர்ந்ததுதான் வித்தியாசம், ஆனால் பேக்கேஜ் மற்றவர் கணினியில் ஓடுமா ஓடாதா என்பது அதில்தான் இருக்கிறது. சிஎஸ்வியை மேல்மட்டத்திலேயே படித்து வைப்பதற்கும் இதே விதி பொருந்தும். அப்படிப் படித்து வைக்கத் தோன்றினால், அந்தத் தரவு உண்மையில் சிஸ்டேட்டாவுக்குப் போக வேண்டியது என்று அர்த்தம்.

இன்ஸ்டால் செய்யாமலே பேக்கேஜை ஏற்றும் டெவ்டூல்ஸின் லோட்_ஆல் மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அது சிஸ்டம்.ஃபைல் ஃபங்ஷனுக்குப் பதிலாகத் தன்னுடைய மாற்று ஒன்றை வைத்து, இன்ஸ்ட் ஃபோல்டருக்குள்ளும் தேடிக் கொடுத்துவிடும். மூலக் கோட் இருக்கும் இடத்தில் ஓடுவது, இன்ஸ்டால் ஆன பிறகும் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பேக்கேஜை உண்மையிலேயே இன்ஸ்டால் செய்து, ஆரை மூடித் திறந்து, வேறொரு ஃபோல்டரிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. திரும்பி வரும் பாதையில் இடைவெளி இருக்கலாம், ஆங்கிலமல்லாத எழுத்தும் இருக்கலாம். விண்டோஸில் பயனரின் பெயரே ஃபோல்டர் பெயராகிவிடுவதால் இது அடிக்கடி நடக்கும். ஆர் ஃபங்ஷன்களுக்கு இது பெரும்பாலும் பிரச்சினையில்லை. வெளி நிரல் ஒன்றுக்குப் பாதையைக் கொடுக்கிறீர்கள் என்றால் எஸ்ஹெச்கோட் ஃபங்ஷனால் சுற்றிக் கொடுங்கள்.

படி 5: கோப்புக்குப் பெயர் வைப்பது

சின்ன ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு, சிறுகோடு. இவற்றைத் தாண்டி எதுவும் வேண்டாம். இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டால் இந்தப் படியில் மீதி இருப்பதை வெறும் தகவலாகப் படித்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கிறது. விண்டோஸும் மேக்கும் இயல்பான அமைப்பில் பார்ப்பதில்லை. டிஸ்கில் கோப்பின் முதல் எழுத்து பெரிதாகவும் கோடில் சின்னதாகவும் இருந்தால் மேக்கில் திறக்கும். லினக்ஸில் கோப்பு இல்லை என்று வரும். சிஎஸ்வி என்ற பின்னொட்டு சில கருவிகளிலிருந்து பெரிய எழுத்துகளில் வருவதால், அதையும் ஒருமுறை பாருங்கள். தவறைக் கண்டு பெயரைத் திருத்தும்போது இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்தின் அளவை மட்டும் மாற்றினால், விண்டோஸிலும் மேக்கிலும் கிட் அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். கிட் எம்வி கட்டளையால் பெயரை மாற்றினால் பதிவாகும். எழுத்தளவில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகளை ஒரே ஃபோல்டரில் வைத்தால் செக் பிடித்துவிடும்.

விண்டோஸில் சில பெயர்களுக்குத் தடை உண்டு. கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1, எல்பிடி1 போன்றவை பழைய சாதனப் பெயர்கள்; பின்னொட்டு சேர்த்து ஆக்ஸ்.சிஎஸ்வி என்று வைத்தாலும் ஆகாது. துணைத் தரவு என்ற எண்ணத்தில் லினக்ஸ்காரர்கள் ஆக்ஸ் என்று பெயர் வைப்பது இயல்பு, அதனால்தான் சொல்கிறேன். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, செங்குத்துக்கோடு, பெரிது சிறிது குறிகள், இரட்டை மேற்கோள் எதுவும் விண்டோஸ் பெயரில் வரக் கூடாது. நேரத்தை 10:30 என்று முக்காற்புள்ளியோடு சேர்த்த கோப்புப் பெயர் ஒன்று ரெபோவில் (கிட் களஞ்சியத்தில்) இருந்தால் போதும், விண்டோஸ்காரரால் அந்த ரெபோவையே ஒழுங்காக இறக்கிக்கொள்ள முடியாது.

பேக்கேஜின் மேல்தளத்திலிருந்து கணக்கிட்டு முழுப் பாதை 100 பைட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பேக்கேஜை ஒரே கோப்பாகப் பொதிந்து அவிழ்க்கும் எல்லா டார் நிரல்களும் சரியாகக் கையாளாது என்று ஆர் எச்சரிக்கும். ஆழமான துணை ஃபோல்டர்களைத் தவிர்த்தால் இந்த எல்லை கண்ணிலேயே படாது.

படி 6: உரைக் கோப்புகளின் உள்ளடக்கம்

ஆர்டிஏவில் போனவற்றுக்கு இந்தப் படியில் பாதிக்கு மேல் தேவையில்லை. எக்ஸ்ட்டேட்டாவில் சிஎஸ்வி வைத்தவர்கள் படியுங்கள்.

குறியாக்கம் முதலில். எல்லா உரைக் கோப்பும் யூடிஎஃப்-8இல் இருக்கட்டும். டிஸ்கிரிப்ஷனில் "என்கோடிங்: யூடிஎஃப்-8" என்ற வரியும் இருக்கட்டும். மேக்கிலும் லினக்ஸிலும் ஆர் நீண்ட காலமாக யூடிஎஃப்-8இல்தான் இயங்குகிறது. விண்டோஸில் 2022இல் வந்த ஆர் 4.2.0 முதல்தான், அதுவும் விண்டோஸ் 10இன் 1903 வெளியீடு அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால்தான், அது இயல்பான குறியாக்கம் ஆனது. அதற்கு முந்தைய விண்டோஸ் ஆரில் தமிழ் எழுத்துள்ள சிஎஸ்வியைக் குறியாக்கம் சொல்லாமல் படித்தால் குப்பையாகத்தான் வரும். பழைய ஆர் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆகவே படிக்கும்போது குறியாக்கத்தை எப்போதும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

எக்ஸெல் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைச் சேர்க்கிறது. முதல் பத்தியின் பெயர் விநோதமாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ரீட்.சிஎஸ்வி ஃபங்ஷனில் ஃபைல்என்கோடிங் என்பதற்கு "யூடிஎஃப்-8-பிஓஎம்" என்று கொடுத்தால் சரியாகிவிடும். அதைவிட நல்லது, டேட்டா-ரா ஸ்கிரிப்டிலேயே ஒருமுறை படித்து, அந்த அடையாளம் இல்லாமல் திரும்ப எழுதிவிடுவது.

வரி முடிவு அடுத்தது. விண்டோஸில் இரண்டு எழுத்து, மற்ற இரண்டிலும் ஒன்று. சிஎஸ்வியைப் படிக்கும் ஆர் ஃபங்ஷன்கள் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். சிக்கல் வருவது, கோப்பின் எம்டி5 மதிப்பை (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஒன்றை) ஒப்பிடும் டெஸ்ட் எழுதியிருந்தால்; விண்டோஸ் கிட் வரி முடிவை மாற்றியதும் மதிப்பு மாறிவிடும். .கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் சிஎஸ்விகளுக்கு "டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப்" என்றும் ஆர்டிஏ போன்றவற்றுக்கு "பைனரி" என்றும் எழுதிவிட்டால் எல்லாரிடமும் ஒரே பைட்டுகள் இருக்கும்.

தேதிகளை 2024-03-05 என்ற வடிவில் மட்டும் எழுதுங்கள். மாதப் பெயரை எழுத்தில் எழுதினால், அதைப் புரிந்துகொள்வது படிக்கிறவரின் கணினி மொழி அமைப்பைப் பொறுத்தது; வேறு மொழி அமைப்பில் எல்லாம் விடுபட்ட மதிப்பாகிவிடும். நேரமும் சேர்ந்தால் நேர மண்டலத்தை வெளிப்படையாக யூடிசி என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே தரவு ஒவ்வொருவர் திரையிலும் வேறு மணியைக் காட்டும். வரிசைப்படுத்துவதும் இப்படித்தான், சார்ட் ஃபங்ஷன் எழுத்துகளை எந்த வரிசையில் வைக்கும் என்பது மொழி அமைப்பைப் பொறுத்தது. அந்த வரிசையை நம்பி ஃபேக்டர் (வகைகளைக் கொண்ட பத்தி) நிலைகளை உருவாக்கினால் கணினிக்குக் கணினி மாறும். நிலைகளை நீங்களே எழுதிக் கொடுங்கள், அல்லது சார்ட்டில் மெத்தட் = "ரேடிக்ஸ்" என்று கேளுங்கள்.

படி 7: அளவு

செக் ஓடும்போது, இன்ஸ்டால் ஆன பேக்கேஜ் இயல்பாக 5 எம்பியைத் தாண்டினால் குறிப்பு வரும், எந்தத் துணை ஃபோல்டர் பெரிது என்பதையும் சேர்த்துக் காட்டும். க்ரானுக்கு அனுப்ப நினைப்பவர்கள் தரவைச் சிறிதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

டூல்ஸ்::ரீசேவ்ஆர்டிஏஃபைல்ஸ் ஃபங்ஷனை டேட்டா ஃபோல்டர் மேல் ஓட்டினால் ஜிசிப், பிசிப்2, எக்ஸ்இசட் மூன்றில் எது சிறியதோ அதில் மறுபடி சேமிக்கும். லேஸிடேட்டா பெரிதாக இருந்தால் டிஸ்கிரிப்ஷனில் லேஸிடேட்டாகம்ப்ரஷன் என்பதற்கு "எக்ஸ்இசட்" என்று கொடுக்கச் சொல்லி செக்கே நினைவூட்டும். எக்ஸ்ட்டேட்டாவில் இருக்கும் சிஎஸ்வியை ஜிசிப் செய்து வைக்கலாம், ரீட்.சிஎஸ்வி அதை அவிழ்க்காமலே நேரடியாகப் படித்துவிடும், எல்லா இயங்குதளத்திலும்.

இதற்கெல்லாம் அடங்காத தரவு பேக்கேஜுக்குள் இருக்க வேண்டிய தரவே இல்லை. கேட்கும்போது இறக்கிக்கொள்ளும் ஃபங்ஷன் ஒன்று எழுதுங்கள். அதில் டவுன்லோட்.ஃபைல் அழைப்பில் மோட் = "டபிள்யூபி" கட்டாயம். விண்டோஸில் இயல்பான முறை உரை முறை. ஜிப், ஜிஇசட், ஆர்டிஎஸ் போன்ற சில பின்னொட்டுகளுக்கு மட்டும் ஆர் தானாகப் பைனரி முறைக்கு மாறும். எக்ஸெல் கோப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் மேக்கில் நன்றாகத் திறக்கும் எக்ஸெல் கோப்பு விண்டோஸில் சிதைந்து வருகிறது.

படி 8: எங்கே எழுதக் கூடாது

இன்ஸ்டால் ஆன பேக்கேஜின் ஃபோல்டருக்குள் எதையும் எழுதாதீர்கள். பொது லைப்ரரியில் பயனருக்கு எழுதும் அனுமதியே இருக்காது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை எக்ஸ்ட்டேட்டாவில் வைத்திருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். படிக்க மட்டும் திறந்தாலும், சில அமைப்புகளில் அது பக்கத்திலேயே துணைக் கோப்பு உருவாக்கப் பார்க்கும். முதலில் ஃபைல்.காப்பி வழியாக டெம்ப்ஃபைல் தரும் இடத்துக்கு நகலெடுத்து, அங்கே திறந்துகொள்ளுங்கள்.

ஆர் மூடிய பிறகும் கோப்பு இருக்க வேண்டும் என்றால் டூல்ஸ்::ஆர்_யூசர்_டிர்("ரெயின்பேக்", "கேச்") என்று கேளுங்கள். ஆர் 4.0.0இலிருந்து இது இருக்கிறது. மூன்று இயங்குதளங்களிலும் அந்தந்த வழக்கத்துக்கு ஏற்ற ஃபோல்டரைத் தரும். பெயரைத்தான் தரும், ஃபோல்டரை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். க்ரான் விதிகளின்படி பயனரின் சொந்த ஃபோல்டரில் வேறெங்கும் கேட்காமல் எழுதக் கூடாது. இங்கே எழுதுவதையும் சிறிதாக வைத்து, பழையதை நீக்க வழி கொடுக்க வேண்டும்.

படி 9: மூன்றிலும் ஓட்டிப் பார்ப்பது

செக்கை ஃபோல்டர் மேல் ஓட்டாதீர்கள். ஆர் சிஎம்டி பில்ட் ஓட்டி, கிடைக்கும் டார்.ஜிஇசட் கோப்பின் மேல் ஆர் சிஎம்டி செக் ஓட்டுங்கள், ஆஸ்-க்ரான் விருப்பத்தோடு. பயனருக்குப் போவது அந்த டார்தான். டெவ்டூல்ஸின் செக் கட்டளை இந்த இரண்டையும் சேர்த்தே செய்துவிடும். செக் ஓடுவதற்கு முன் டாரைத் திறந்து உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள். இல்லாமல் போனதும் தெரியும், தவறி உள்ளே வந்த எக்ஸெல் தற்காலிகக் கோப்பும் மேக்கின் மறைவுக் கோப்பும் தெரியும்.

மூன்று கணினிகள் உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. ரெபோ கிட்ஹப்பில் இருந்தால் யூஸ்திஸ்::யூஸ்_கிட்ஹப்_ஆக்ஷன்("செக்-ஸ்டாண்டர்ட்") என்ற ஒரே வரி, ஒவ்வொரு புஷ்ஷுக்கும் விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் செக் ஓட ஏற்பாடு செய்துவிடும். விண்டோஸ் மட்டும் போதும் என்றால் டெவ்டூல்ஸ்::செக்_வின்_டெவெல்() பேக்கேஜை விண்டோஸில் சோதித்துத் தரும் வின்-பில்டர் சேவைக்கு அனுப்பி, முடிவை மின்னஞ்சலில் தரும்.

தரவுக்கென்று ஒரு சின்ன டெஸ்ட் எழுதி வையுங்கள். ரெயின்_பாத்() தரும் பாதையில் கோப்பு இருக்கிறதா, படித்தால் எதிர்பார்த்த பத்திப் பெயர்கள் வருகின்றனவா, வரிகளின் எண்ணிக்கை சரியா, தேதிப் பத்தியில் விடுபட்ட மதிப்பு இல்லையா, ஆங்கிலமல்லாத எழுத்துள்ள ஒரு மதிப்பு அப்படியே வருகிறதா. இந்த ஐந்தும் மூன்று இயங்குதளங்களிலும் பச்சையாக வந்துவிட்டால் பதிப்பு எண்ணை ஏற்றி வெளியிடலாம். எங்காவது சிவப்பு வந்தால், எங்கே என்று பாருங்கள்: லினக்ஸில் மட்டும் என்றால் முதலில் எழுத்தளவு, விண்டோஸில் மட்டும் என்றால் முதலில் குறியாக்கமும் வரி முடிவும், மூன்றிலும் என்றால் இக்னோர் கோப்புகள்.